பிரிண்ட் எடுத்தால் எது காணாமல் போகிறது?

பெருந்துறைப் பக்கம் அப்பாவோடு சேர்ந்து துண்டு, பெட்ஷீட் மொத்த வியாபாரம் பார்க்கும் ஒரு தம்பி என்னிடம் கேட்ட கேள்வி இது. "எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. அப்பா இன்றைக்கும் சொல்வது ஒன்றுதான்: டைப்ரைட்டர், பேரேடு, கால்குலேட்டர், தபால் பை நாலையும் ஒரே பெட்டிக்குள் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள், வேகம் கூடியிருக்கிறது, அதுக்கு மேலே ஒன்றுமில்லை என்கிறார். அவர் சொல்வது சரிதானா அக்கா?"

உங்கள் அப்பா கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார் தம்பி. பெரும்பாலான ஆபீஸ்களில் கம்ப்யூட்டர் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பது அது மட்டும் இல்லை என்று உறுதியாகச் சொல்வேன். முப்பது வருஷத்துக்கு மேல் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் கணக்கு எழுதியவள் என்பதால், கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

நான் 1989-இல் ஈரோட்டில் டைப் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தேன். லோயர் பரீட்சைக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. இரண்டும் பாஸ் செய்துவிட்டுத்தான் திருப்பூரில் வேலைக்குப் போனேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்குக் கடிதம் என்றால் ஒரிஜினலுக்குக் கீழே மூன்று கார்பன் வைப்போம். நாலாவது காப்பியில் எழுத்து புகை மாதிரித்தான் தெரியும். ஒரு எழுத்து தப்பினால் நாலு தாளிலும் திருத்த வேண்டும். அவசரச் செய்திக்கு ஃபேக்ஸ் இருந்தது. அந்த வழவழப்பான தாளில் வந்த எழுத்து சில மாதத்தில் மங்கிவிடும், அதனால் வந்த உடனே ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் குத்தி வைப்போம். 1994-இல் எங்கள் ஆபீசுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்தது. கறுப்புத் திரை, டாஸ், கடிதம் அடிக்க வேர்ட்ஸ்டார், கணக்குப் போட லோட்டஸ், கரகரவென்று கத்தும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் நானும் உங்கள் அப்பா சொன்னதைத்தான் சொல்லியிருப்பேன். திருத்துவது சுலபமாயிற்று, கார்பன் மிச்சம். அவ்வளவுதான் தெரிந்தது.

அப்படித் தெரிந்ததற்குக் காரணம் உண்டு. பழைய சாமான்களின் உருவத்தைக் கம்ப்யூட்டருக்கு வேண்டுமென்றே போட்டுவிட்டார்கள். 1973-இல் ஜெராக்ஸ் கம்பெனியின் கலிபோர்னியா ஆராய்ச்சிக் கூடத்தில் ஆல்டோ என்ற கம்ப்யூட்டரைச் செய்தார்கள். 1981-இல் அதே கம்பெனி ஸ்டார் என்ற மெஷினை ஆபீஸ்களுக்கு விற்க வந்தது. அதன் திரையை ஒரு மேஜையாக வரைந்தார்கள். மேஜை மேல் தாள், ஃபோல்டர், வருகிற தபாலுக்கு ஒரு தட்டு, போகிற தபாலுக்கு ஒரு தட்டு. ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள் மிரளக் கூடாது என்பதுதான் நோக்கம். இன்றைக்கு நம் விண்டோஸ் திரையில் இருக்கும் ஃபோல்டர் படம் அந்த வழியில் வந்தது. மெயிலில் 'சிசி' என்று ஒரு இடம் இருக்கிறதே, அது கார்பன் காப்பி. கார்பன் தாளைத் தொட்டே பார்க்காத பிள்ளைகள் தினமும் அதை நிரப்புகிறார்கள். வேஷம் பழசு என்பதால் உள்ளே இருப்பதும் பழசு என்று நமக்குத் தோன்றிவிடுகிறது.

அப்படியானால் எது பழசு, எது புதுசு என்று எப்படிப் பிரிப்பது? நான் புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுப்பேன். திரையில் இருப்பதை ஒரு பிரிண்ட் எடு. எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை அணைத்துவிடு. கையில் இருக்கும் தாளில் எது வரவில்லை என்று பார். ஒன்றுமே குறையவில்லை என்றால் நீ இவ்வளவு நேரம் டைப்ரைட்டரில் உட்கார்ந்திருந்தாய். ஏதாவது வரவில்லை என்றால், அந்த வராத பகுதிதான் கம்ப்யூட்டர்.

வேர்டில் அடித்த கடிதத்தைப் பிரிண்ட் எடுத்தால் ஒன்றும் குறையாது. அது நல்ல டைப்ரைட்டர், அவ்வளவுதான். எக்செல் என்றால் தானாகவே தேறிவிடும் என்று நினைக்காதீர்கள். எத்தனை ஆபீஸில் பார்த்திருக்கிறேன்: எக்செலில் வரிசையாகத் தொகை அடித்துவிட்டு, பக்கத்தில் கால்குலேட்டரை வைத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைக் கடைசிக் கட்டத்தில் கையால் அடிப்பார்கள். பார்க்க அழகான அட்டவணை. மேலே ஒரு தொகையை மாற்றினால் கீழே கூட்டல் அப்படியே பழைய எண்ணாக நிற்கும். அது கோடு போட்ட தாள், வேறொன்றும் இல்லை. இப்படி வேலை செய்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. தாளில் பழகிய கை, தாளாகவே அதைப் பார்க்கிறது.

இனி, பிரிண்டில் வராத விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர்த் தொழிலில் அதை முதலில் உணர்ந்த இடம் காஸ்டிங் ஷீட், அதாவது அடக்க விலைக் கணக்கு.

ஒரு டி-சர்ட்டுக்கு விலை சொல்வது எப்படி என்று ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். எண்கள் எல்லாம் உதாரணத்துக்குத்தான். நூல் கிலோ 260 ரூபாய், அதைத் துணியாகப் பின்னும் நிட்டிங் 15, சாயம் போடும் டையிங் 80, துணியைப் பதப்படுத்தும் காம்பாக்டிங் முதலான மற்ற வேலைகள் 10. மொத்தம் 365. சாயப் பட்டறைக்குப் போய் வருவதற்குள் துணி எடை குறையும், 8 சதவீதம் இழப்பு என்று வைத்தால் கையில் நிற்கும் துணி கிலோ 396 ரூபாய் 74 காசு. கட்டிங் வேஸ்ட்டும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 5 பீஸ் என்றால் பீஸுக்குத் துணி 79 ரூபாய் 35 காசு. அதோடு கட்டிங், தையல், பேக்கிங் கூலி 40, பிரிண்டிங் 10, லேபிள், பாலிபேக், அட்டைப்பெட்டி 12, ஆபீஸ் செலவு 10. அடக்கம் 151 ரூபாய் 35 காசு. பத்து சதவீதம் லாபம் வைத்தால் 166 ரூபாய் 49 காசு. டாலர் 83 ரூபாய் என்றால் பீஸ் 2 டாலர் ஒரு சென்ட்.

தாளில் இந்தக் கணக்கைப் போட அரை மணி நேரம் ஆகும். போட்டு முடித்துப் பையருக்கு ஃபேக்ஸ் அனுப்பினால், அவர் "பத்து சென்ட் குறை" என்பார். உடனே முதலாளி, "சாயத்தில் அஞ்சு ரூபாய் குறைத்துப் பேசினால் எவ்வளவு வரும்? ஜிஎஸ்எம் கொஞ்சம் இறக்கினால்?" என்று கேட்பார். ஜிஎஸ்எம் என்பது துணியின் கனம். ஒவ்வொரு கேள்விக்கும் மறுபடி அரை மணி நேரம். அதனால் என்ன நடந்தது தெரியுமா? அந்தக் கேள்விகளையே யாரும் அதிகம் கேட்கவில்லை. இரண்டு தடவை போட்டுப் பார்ப்போம், மூன்றாவது தடவை முதலாளி அனுபவத்தை வைத்து ஒரு விலை சொல்லிவிடுவார். சில சமயம் நிற்கும், சில சமயம் கையைக் கடிக்கும்.

லோட்டஸில் இதே ஷீட்டை ஃபார்முலாவோடு போட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்றைய விலையும் டாலரும் வேறு, புரிவதற்காக மேலே சொன்ன உதாரண எண்களையே வைத்துச் சொல்கிறேன். நூல் விலைக் கட்டத்தில் 260-ஐ 270 ஆக்கினேன். கீழே டாலர் விலை தானாக 2 டாலர் 3 சென்ட்டுக்குப் போயிற்று. பீஸுக்கு அடக்கம் 2 ரூபாய் 17 காசு ஏறியிருந்தது. ஐம்பதாயிரம் பீஸ் ஆர்டர் என்றால் ஒரு லட்சத்து எட்டாயிரத்துக்கு மேல். முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "280 போடும்மா... சரி, டாலர் 82 ஆனா?... இழப்பு பத்து சதவீதம்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அன்றைக்கு மட்டும் முப்பது கேள்வியாவது கேட்டிருப்பார். அதற்கு முன் பல வருஷமாக அந்தத் தொழிலில் இருந்தவர், தன் அடக்க விலையில் நூல் எவ்வளவு கனம், சாயம் எவ்வளவு கனம் என்று அன்றைக்குத்தான் கையால் தூக்கிப் பார்த்த மாதிரிப் பார்த்தார்.

இதை "வேகமான கால்குலேட்டர்" என்று சொல்லிவிட என்னால் முடியாது. வேகம் ஓர் அளவைத் தாண்டும்போது, முன்பு கேட்க முடியாதிருந்த கேள்வி கேட்கக் கூடியதாகிறது. இந்த ஷீட் பிறந்த கதையும் அதுதான். 1978-இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் படித்துக்கொண்டிருந்த டேன் பிரிக்ளின், வாத்தியார் கரும்பலகையில் பெரிய அட்டவணை போட்டு, ஒரு எண்ணை மாற்றியதும் அதைத் தொட்ட எண்களையெல்லாம் அழித்து அழித்து எழுதுவதைப் பார்த்தார். எண்கள் தாமாகவே மாறிக்கொள்ளும் பலகை இருந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்தார். பாப் ஃபிராங்க்ஸ்டனோடு சேர்ந்து 1979-இல் விசிகால்க் என்ற சாஃப்ட்வேரை வெளியிட்டார். நான் கற்ற லோட்டஸ் 1983-இல் வந்தது, எக்செல் 1985-இல். அகலமான கணக்குத் தாளின் உருவம்தான் மூன்றுக்கும். ஆனால் எந்தக் கணக்குத் தாளும், ஒரு எண்ணுக்கும் இன்னொரு எண்ணுக்கும் என்ன உறவு என்பதைத் தனக்குள் வைத்திருந்ததில்லை. அந்த உறவு கணக்கு எழுதுகிறவர் மண்டையில் இருந்தது. பிரிண்ட் எடுத்தால் எண்கள் தாளுக்கு வந்துவிடும். உறவு வராது.

அடுத்தது பேரேடு. இதைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆபீசில் இருந்த மூத்த கணக்கர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. தாராபுரத்துக்காரர். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று என்று இரண்டு பேனா. அவரிடம்தான் நான் கணக்கு கற்றேன்.

அந்தக் காலத்தில் நடந்ததை முதலில் டே புக்கில் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொரு வரியையும் பேரேட்டில், அதாவது லெட்ஜரில், அந்தந்தப் பார்ட்டியின் பக்கத்தில் ஏற்ற வேண்டும். அதற்குப் 'போஸ்டிங்' என்று பெயர். வருஷக் கடைசியில் எல்லாப் பக்கத்தின் மிச்சத்தையும் எடுத்துப் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் போட்டால் இரண்டும் சமமாக வர வேண்டும். இதுதான் ட்ரையல் பேலன்ஸ். வராது! மார்ச் முடிந்து ஏப்ரல் முழுக்க அந்த வித்தியாசத்தைத் தேடுவோம். அப்போது அவர் சொல்லிக் கொடுத்தார்: "அம்மிணி, வித்தியாசத்தை ஒம்போதால வகுத்துப் பாரு. மிச்சமில்லாம வகுபட்டா எங்கியோ எண்ணத் திருப்பி எழுதியிருக்கறோம்." 820 என்பதை 280 என்று ஏற்றியிருந்தால் வித்தியாசம் 540, ஒன்பதால் வகுபடும். 54-ஐ 45 என்று எழுதினால் 9. எந்த இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதினாலும் அப்படித்தான் வரும். அதிலும் கிடைக்கவில்லை என்றால் வித்தியாசத்தைப் பாதியாக்கித் தேடச் சொல்வார். 1,200 வித்தியாசம் என்றால் எங்கேயோ ஒரு 600 பற்றுக்குப் போக வேண்டியது வரவுக்குப் போயிருக்கும். இப்படி நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த கைத்திறமை அது. இரட்டைப் பதிவு முறையை 1494-லேயே வெனிஸில் லூக்கா பாச்சோலி என்ற துறவி அச்சுப் புத்தகத்தில் விளக்கியிருந்தார்.

டேலி வந்தது. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் 1986-இல் தொடங்கிய நிறுவனத்தின் கணக்கு சாஃப்ட்வேர் அது, எங்கள் ஆபீசுக்குத் தொண்ணூறுகளின் கடைசியில் வந்தது. எஃப் 8 தட்டி ஒரு சேல்ஸ் பில் போட்டால் பார்ட்டி கணக்கு, விற்பனைக் கணக்கு, வரிக் கணக்கு, சரக்கு இருப்பு, ட்ரையல் பேலன்ஸ், பேலன்ஸ் ஷீட் எல்லாம் அந்த நிமிஷமே மாறிவிடுகிறது. போஸ்டிங் என்ற வேலையே இல்லாமல் போனது. போஸ்டிங் வேகமானது என்று சொன்னால் அது தப்பு. ஒரே தொகையை இரண்டு இடத்தில் எழுதினால்தானே ஒன்றில் தப்பு வரும்? ஒரே இடத்தில் எழுதி, மற்ற எல்லாம் அதையே பார்த்துக் காட்டும்போது, ட்ரையல் பேலன்ஸ் எப்போதும் சமமாகவே நிற்கும். ஒன்பதால் வகுக்கும் வித்தைக்கு வேலை இல்லை.

இதில் ஓர் ஆபத்து இருக்கிறது, இளம் பிள்ளைகளிடம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அப்போது 'டாலி ஆகிவிட்டது', அதாவது பற்றும் வரவும் சமமாகிவிட்டது என்றால் கணக்கு பெரும்பாலும் சரி என்று அர்த்தம். இப்போது டாலி ஆவதற்கு எந்த அர்த்தமும் இல்லை, அது தப்புக் கணக்கிலும் டாலி ஆகும். ஒரு பார்ட்டிக்குப் போக வேண்டிய பணத்தை அதே மாதிரிப் பெயருள்ள வேறு பார்ட்டிக்குப் போட்டுவிட்டால் எந்த எண்ணும் உங்களை எச்சரிக்காது. தப்பு வேறு இடத்துக்குக் குடி போயிருக்கிறது, அதைத் தேடும் வித்தையும் வேறாக வேண்டும். வெறும் மேம்பட்ட பேரேடாக இருந்திருந்தால் பழைய வித்தை கொஞ்சமாவது உதவியிருக்கும்.

இன்னொன்றையும் இழந்தோம். போஸ்டிங் போடுவது என்பது படிப்பதும்தான். அந்தப் பெரியவர் லெட்ஜர் பக்கத்தைத் திருப்பும்போதே, "இந்தக் கரூர் பார்ட்டி பொங்கலுக்கு அப்புறம் ஒரு பைசா அனுப்பலியே" என்பார். யாரும் அறிக்கை கேட்கவில்லை. அவர் கை அந்தப் பக்கத்தைத் தொட்டதால் கண்ணில் பட்டது. இப்போது டேலியில் பாக்கிப் பட்டியல் ஒரு தட்டில் வரும், நாள் வாரியாக வரும், ஆனால் கேட்டால்தான் வரும். கேட்கத் தோன்றவில்லை என்றால் பாக்கி அப்படியே கிடக்கும். நான் என்னிடம் வேலை பார்க்கும் பிள்ளைகளை வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்து லெட்ஜரையாவது திறந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். முதலில் சலித்துக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் அவர்களே "அக்கா, இதப் பாருங்க" என்று கூப்பிடுவார்கள்.

அழிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. பேரேட்டில் தப்பு எழுதினால் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து. அடித்த எண் கோட்டுக்குக் கீழே தெரிந்துகொண்டே இருக்கும். கம்ப்யூட்டரில் அழித்தால் சுவடே இருக்காது. இந்த விஷயத்தில் பல வருஷம் நாம் பேரேட்டை விடப் பின்தங்கித்தான் இருந்தோம். 2023 ஏப்ரல் 1-லிருந்து, கம்பெனிச் சட்டத்தின்கீழ் வரும் கம்பெனிகளின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தி வைக்கவும் முடியாதிருக்க வேண்டும் என்று விதி வந்தது. சிவப்புக் கோட்டைச் சட்டம் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டியிருந்தது. பார்ட்னர்ஷிப், தனி உரிமையாளர் நிறுவனங்களுக்கு அந்த விதி இல்லை. உங்களுடையது அப்படி என்றாலும் அந்த வசதியைப் போட்டு வையுங்கள் என்பேன்.

தமிழில் அடிக்கும் விஷயத்தில் என் பிரிண்ட் சோதனை பளிச்சென்று வேலை செய்யும். எங்கள் குலதெய்வக் கோயிலுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் பட்டியல் ஒன்று உண்டு. ஊர் ஊராகப் பிரிந்துபோன குடும்பங்கள், நூற்றுக்கணக்கான பெயர். டிடிபி கடையில் பாமினி எழுத்தில் அடித்து வைத்திருந்தார்கள். பிரிண்ட் எடுத்தால் முத்து முத்தான தமிழ். கும்பாபிஷேகத்துக்கு முன் அதை அகர வரிசைப்படுத்தித் தரச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். வரிசைப்படுத்தினால் எல்லாம் தாறுமாறாக வந்தது. ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை. காரணம், பாமினியில் அடித்தது கம்ப்யூட்டருக்குத் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து வைத்து, அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருக்கிறது. கண்ணுக்குத் தமிழ், மெஷினுக்கு அர்த்தமில்லாத ஆங்கிலம். அச்சடிப்பது ஒன்றுதான் வேலை என்று நினைத்த காலத்தில் அதுவே போதுமாக இருந்தது.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுத்திருக்கும் தரம் யூனிகோட். அதில் 'க' என்பது மெஷினுக்கும் 'க' தான். அந்தத் தரத்தில் 1991-இல் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றது. என்றாலும் பாமினியில் கிடக்கும் பட்டியல்கள் கொங்கு நாட்டுக் கோயில்களிலும் சங்கங்களிலும் இன்னும் எத்தனையோ. நாங்கள் இரண்டு வாரம் உட்கார்ந்து மாற்றினோம். மாற்றிய பட்டியலில் இப்போது ஊர் வாரியாகப் பிரிக்கலாம், வரி கட்டாத வீட்டைத் தனியாக எடுக்கலாம், ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை பெயர் வந்திருந்தால் கண்டுபிடிக்கலாம். பழைய பட்டியலையும் புதிய பட்டியலையும் பிரிண்ட் எடுத்துப் பக்கத்தில் வைத்தால் வித்தியாசமே தெரியாது. தயவு செய்து இனிமேல் எந்தப் பட்டியலையும் யூனிகோடில் அடியுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

உங்கள் வியாபாரத்தில் தினமும் பார்ப்பது ஜிஎஸ்டி. 2017 ஜூலை 1-இல் வந்தபோது, சேல்ஸ் டாக்ஸ் ரிட்டர்னைக் கம்ப்யூட்டரில் போடுகிறோம், அவ்வளவுதானே என்று பலர் நினைத்தார்கள். இப்போது எப்படி நடக்கிறது பாருங்கள். உங்களுக்கு நூல் விற்றவர் தன் விற்பனை விவரமான ஜிஎஸ்டிஆர்-1-ஐ அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் போடுகிறார். அவர் போட்ட பில் 14-ஆம் தேதி உங்கள் கொள்முதல் பட்டியலான 2பி-யில் வந்து நிற்கிறது. 2022 ஜனவரி 1-லிருந்து, அவர் ஏற்றிக் காட்டாத பில்லுக்கு நீங்கள் அவரிடம் வரியைக் கட்டியிருந்தாலும், அதை உங்கள் வரியில் கழித்துக்கொள்ள முடியாது. அவர் ஏற்றாமல் விட்ட ஒரு பில் உங்கள் பணத்தை முடக்குகிறது! பேரேடு என்பது முதலாளி பீரோவில் பூட்டி வைக்கும் புத்தகமாக இருந்தது. இன்றைக்கு உங்கள் பேரேடும் அவர் பேரேடும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கின்றன. இது நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் சின்ன ஜாப் ஒர்க் யூனிட்களுக்கு இது பெரும் சுமை என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் பழைய பேரேட்டின் மேம்பட்ட வடிவம் என்று இதை எப்படிச் சொல்வது?

கடைசியாக, அப்பா சொன்ன "நாலையும் ஒரே பெட்டிக்குள் போட்டிருக்கிறார்கள்" என்ற பேச்சுக்கு வருகிறேன். அவர் பெட்ஷீட் வியாபாரி என்பதால் இதை அவருக்குச் சொன்னால் உடனே பிடிபடும்.

எங்கள் அம்மா ஊர் சென்னிமலை. மாமன் வீட்டில் கைத்தறி. பூப்போட்ட பெட்ஷீட் நெய்யத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகளைச் சங்கிலி மாதிரிக் கோத்துத் தொங்க விட்டிருப்பார்கள். மாமன் மிதியை மிதித்தால் ஒரு அட்டை முன்னால் வரும். துளை இருக்கும் இடத்தில் ஊசி நுழைந்து அதற்குரிய பாவு இழை, அதாவது நீளவாக்கு இழை, மேலே எழும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். குறுக்கே ஊடை ஓடும். அடுத்த மிதி, அடுத்த அட்டை. பூ எங்கே இருக்கிறது? நெய்கிறவர் கையில் இல்லை, தறியிலும் இல்லை. அட்டையில் இருக்கிறது. சின்ன வயதில் நான் பார்த்துப் பார்த்து அதிசயித்தது இதைத்தான்: மாமன் அட்டைச் சங்கிலியைக் கழற்றி வேறொன்றை மாட்டுவார், அதே தறி மயிலை விட்டுவிட்டு மாம்பிஞ்சு நெய்யும்.

பிரான்சில் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் இதை 1804-இல் செய்தார். இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் 1830-களில் தான் கற்பனை செய்த கணக்கு இயந்திரத்துக்கு அந்தத் துளை அட்டைகளையே எடுத்துக்கொண்டார். ஜக்கார்டின் உருவத்தைப் பட்டில் நெய்த படம் ஒன்றையும் தன் வீட்டில் வைத்திருந்தார், ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு நெய்த படம் அது. அமெரிக்காவில் 1890 மக்கள்தொகைக் கணக்கைத் துளை அட்டைகளை வைத்துத்தான் ஹொலரித் என்பவர் எண்ணினார். அவருடைய கம்பெனி வேறு கம்பெனிகளோடு 1911-இல் சேர்ந்து, 1924-இல் ஐபிஎம் என்று பெயர் மாறியது. கட்டளையை மாற்றினால் ஒரே இயந்திரம் எந்தக் கணக்கையும் செய்யலாம் என்று 1936-இல் ஆலன் டூரிங் கணித வழியில் காட்டினார்.

அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மேஜையில் இருக்கும் பெட்டிக்கு டைப்ரைட்டர் தூரத்துச் சொந்தம். தறிதான் நெருங்கிய சொந்தம். டைப்ரைட்டரை எவ்வளவு மேம்படுத்தினாலும் அது ஒரு நாளும் பேரேடு ஆகாது. பேரேட்டை எவ்வளவு மேம்படுத்தினாலும் அது தபால் கொண்டு போகாது. அட்டையை மாற்றினால் வேறு பூ நெய்யும் ஒன்றால்தான் நாலாகவும் இருக்க முடிகிறது, நாளைக்கு ஐந்தாவதாகவும் ஆக முடிகிறது. அப்பா சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போன அந்த "ஒரே பெட்டிக்குள்" என்பதுதான் முழு விஷயமும்.

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள் தம்பி. உங்கள் ஸ்டாக் ஷீட்டையும் விலைப் பட்டியலையும் திறந்து, கூட்டுத்தொகைக் கட்டங்களில் ஒவ்வொன்றாகப் போய் நில்லுங்கள். மேலே ஃபார்முலா தெரிகிறதா, வெறும் எண் தெரிகிறதா என்று பாருங்கள். வெறும் எண்ணாக இருப்பதையெல்லாம் மாற்றுங்கள். அப்புறம் நீங்கள் அதிகம் விற்கும் ஒரு பெட்ஷீட்டுக்கு நூல், சாயம், நெசவுக் கூலி, போக்குவரத்து என்று பிரித்து ஒரு அடக்க விலை ஷீட் போடுங்கள். முடிந்ததும் அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, நூல் விலைக் கட்டத்தில் அவர் கையாலேயே பத்து ரூபாய் ஏற்றச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் அவர் என்ன கேட்கிறார் என்று எனக்கு எழுதுங்கள்.